மொத ஆளாப் போறவனுக்கு ஒரு கும்பிடு

கண்ணு, செல்போன்ல ‘செட்டிங்ஸ்’னு ஒரு பல்சக்கரம் இருக்குதல்ல, அதுக்கு மேல செகப்பா ஒரு பொட்டு வந்து ‘1’னு நின்னா உனக்குக் கையி நமநமங்குது. ‘தென்னைக்குத் தண்ணி மாத்தி உடுடா’ன்னு உங்கொப்பன் தொண்டை வத்தக் கத்துனாலும் எந்திரிக்காத ஆளு, அந்தப் பொட்டுக்கு மட்டும் நடுராத்திரியில எந்திரிச்சு சார்ஜர் தேடறே. வெடிஞ்சு பாத்தா அலாரம் அடிக்கல, பேங்க் ஆப்பு தொறக்கல, பேட்டரி காலச் சோத்துக்கு முன்னாலயே செவந்து கெடக்குது. அப்பறம் அன்னிக்குப் பூரா ஊட்டுல இருக்கற அல்லாரும் உன்ற மூஞ்சியப் பாத்துத்தான் நடமாடோணும்.

நான் வைய வரல சாமி. கும்பிடு போட வந்திருக்கறேன். உன்னையாட்ட நாலு பேரு மொத நாளே பாயலைன்னா, என்னையாட்ட நாப்பது பேரு ரெண்டு மாசம் கழிச்சு நோகாம எப்படி அப்டேட் போடறது? சோதிச்சுப் பாக்கறதுக்குன்னே கம்பெனிக்காரன் சம்பளம் போட்டு ஆளு வெச்சிருக்கறான். அவிய கண்ணுல படாததெல்லாம் உன்ற கையில படுது. அவியளுக்குச் சம்பளம், பிஎஃப், தீவாளி போனசு. உனக்கு ஒண்ணுங் கெடையாது. போன் வாங்குன தவணைகூட நீயேதான் கட்டறே. இந்தக் காலத்துல இப்பேர்ப்பட்ட தருமவான் எங்க கெடைப்பான், சொல்லு.

தருமம் பண்றதுன்னு முடிவாயிப் போச்சு. என்ன தருமம்னு தெரிஞ்சாவது பண்ணு. போனைச் சித்தெக் கீழ வெச்சுட்டு அப்பாரு சொல்றதைக் கேளு.

புதுசு போட்டா ஏன் கெடுது? புதுசு மோசம்ங்கறதாலயா? பாதி நேரம் அப்படி இல்ல. நம்ம கெணத்துல 5 எச்பி மோட்டாரைக் கழட்டிட்டு 7.5 எச்பி மாட்டுனமே, ஞாபகமிருக்குதா? நல்ல மோட்டாரு. பைப்பும் போட்ட நாள்ல இருந்து ஒரு சொட்டு ஒழுகாத பைப்பு. சுச்சைப் போட்ட கொஞ்ச நேரத்துலயே காலர் கழண்டுக்கிட்டு தென்ன மர உசரத்துக்குத் தண்ணி அடிச்சுது. மோட்டார்க்காரன் பைப்பைக் கொறை சொன்னான், பைப்புக்காரன் மோட்டாரைக் கொறை சொன்னான். ரெண்டு பேரும் சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணியிருப்பாங்க, ரெண்டும் மெய்யாத்தான் இருந்திருக்கும். கோளாறு மோட்டார்லயும் இல்ல, பைப்புலயும் இல்ல. ரெண்டும் சேர்ற அந்த ஒரு சாண் எடத்துல இருந்துது.

அப்கிரேடும் அத்தனைதான் கண்ணு. கம்பெனிக்காரன் அவன் ஆபீசுல வெச்சு ஓட்டிப் பாக்கறான், நல்லா ஓடுது. ஆனா உன்ற மெசினு அவன்கிட்ட இல்லையே. எந்தக் காலத்துலயோ எறக்குன ஆப்பு, நீ நகத்தி வெச்ச ஃபோல்டரு, பழைய பிரிண்டரு, பாதியில உட்டுட்டுப் போன செட்டிங்குன்னு ஒவ்வொரு மெசினுக்கும் ஒரு பழங்கதை இருக்குது. கோடி மெசினுக்குக் கோடி கதை. அத்தனையும் ஒரே கூரைக்குள்ள கொண்டாந்து சோதிக்க எந்தக் கம்பெனிக்கும் எடம் பத்தாது. அதுக்கோசரந்தான் உன்னையாட்டத் தருமவானுக வேணுங்கறது.

சும்மா வாயில வந்ததைச் சொல்றேன்னு நெனைக்காதே. மைக்ரோசாஃப்ட்டுக்காரங்க 2018 அக்டோபர் 2-ந் தேதி விண்டோஸ் 10-க்கு ஒரு பெரிய அப்டேட் உட்டாங்க. 1809னு அதுக்கு நெம்பரு. அதைப் போட்ட சில பேருக்கு ‘டாக்குமெண்ட்ஸ்’ ஃபோல்டர்ல இருந்த ஃபைலெல்லாம் போன எடம் தெரியல. கூத்து என்னன்னா, அது ஒரு நல்ல காரியம் பண்ணப் போயி வந்த வெனை. சில பேரு டாக்குமெண்ட்ஸை சி டிரைவ்ல இருந்து வேற டிரைவுக்கு மாத்தி வெச்சிருந்தாங்க. ஏப்ரல்ல வந்த முந்தின அப்டேட்டு, அவிய மெசின்ல அதே பேர்ல ஒரு வெத்து ஃபோல்டரைக் கூடுதலா உண்டாக்கிருச்சு. ‘இதென்னங்க ஒரே பேர்ல ரெண்டு?’ன்னு சனங்க பிராது குடுத்தாங்க. சரி, வெத்து ஃபோல்டரைத் தொடைச்சுருவோம்னு அக்டோபர்ல ஒரு ஏற்பாடு பண்ணுனாங்க. ஆனா பழைய எடத்துலயே கொஞ்சம் ஃபைலை நகத்தாம உட்டவனும் இருந்தானல்ல? கூட்ட வந்த வெளக்கமாறு உள்ள என்ன இருக்குதுன்னு குனிஞ்சு பாக்கல. சேத்து வாரித் தள்ளிருச்சு.

6-ந் தேதிக்கெல்லாம் அப்டேட்டை நிறுத்திட்டாங்க. சரி பண்ணித் திரும்ப உட்டது நவம்பர் 13-ல. நடுவால ஒரு கணக்குச் சொன்னாங்க: ஃபைல் போச்சுன்னு வந்த புகாரு, அப்டேட் போட்ட மெசின்ல 10,000-க்கு 1 தானாம். நெம்பக் கொஞ்சந்தான், ஒத்துக்கறேன். ஆனா அந்த ஒருத்தனுக்கு அது நூத்துக்கு நூறு.

இதைவிட ஒரு கூத்து இருக்குது. வெளிய உடறதுக்கு முன்னாலயே, சோதிச்சுப் பாக்கத் தானா வந்து சேந்த சில தருமவானுக ‘ஃபைல் போவுதுங்க’ன்னு எழுதிப் போட்டிருந்தாங்க. பிராது எழுதிப் போடற அந்த எடத்துல எந்தப் பிராதுக்கு ஓட்டு ஜாஸ்தியோ அதுதான் மேல வரும். ஐகான் நெறம் புடிக்கலைங்கறதுக்கு ஓட்டுப் போட ஊரே வரும். ஃபைல் போச்சுங்கறதுக்கு ஃபைல் போனவன் மட்டுந்தான் வருவான். அப்பறந்தான் ‘இது எத்தனை கேடு’ன்னு குறிக்கறதுக்கு ஒரு கட்டம் போட்டுக் குடுத்தாங்க. புகார்ப் பொட்டி வெக்கறது லேசு கண்ணு. அதுல எதை மொதல்ல எடுத்துப் படிக்கறதுங்கறதுதான் கஷ்டம்.

‘பக்கு வந்தா என்னங்கப்பாரு, பின்னாலயே ஃபிக்ஸு வரும்’ங்கறே. வரும், வரும். கூட யாரைக் கூட்டிட்டு வருதுன்னும் பாரு.

2017 செப்டம்பர் 25-ல ஆப்பிள் கம்பெனி மேக் கம்ப்யூட்டருக்கு ஹை சியரான்னு ஒண்ணை எறக்குச்சு. ரெண்டு மாசம் கழிச்சு, நவம்பர் 28 அன்னிக்கு, ஒரு சேதி ஒலகம் பூராப் பரவுச்சு. யூசர் பேரு கேக்கற எடத்துல ‘ரூட்’னு அடி. பாஸ்வேர்டு கட்டத்துல ஒண்ணும் அடிக்காதே. பட்டனை அமுக்கு. தொறக்கலையா, மறுக்கா அமுக்கு. தொறந்துக்கும்! ரூட்டுன்னா என்னன்னு உனக்கு நான் சொல்லோணுமா, அந்த மெசினுக்கே மொதலாளி. பாஸ்வேர்டு மறந்துட்டுத் தலைய பிச்சுக்கறவனுக்கெல்லாம் இப்படி ஒரு உபகாரம் எவன் பண்ணுவான்!

அடுத்த நாளே ஆப்பிள் மருந்து குடுத்துது. வேகத்தைப் பாராட்டோணும். ஆனா அந்த மருந்து எறங்குன சில மெசின்ல ஃபைல் ஷேரிங் படுத்துக்கிச்சு. அதுக்கு ஒரு கைவைத்தியம்: டெர்மினலைத் தொறந்து இந்த வரிய அடிங்கன்னு எழுதிப் போட்டாங்க. அத்தோட உட்டுதா? 10.13.0-ல மருந்தைப் போட்டுட்டு அப்பறமா 10.13.1-க்கு ஏறுன ஆளுகளுக்குப் பழைய ஓட்டை அப்படியே திரும்பி வந்துது. மருந்தை மறுக்காப் போடோணும், போட்டுட்டு மெசினை ரீஸ்டார்ட் பண்ணோணும். பண்ணாதவன் கதவு சாத்தியிருக்குதுன்னு நெனைச்சுக்கிட்டுத் தொறந்து போட்டுத் தூங்குனான்.

அதே நவம்பர்ல அவிய போன்லயும் ஒரு வேடிக்கை. ஐஓஎஸ் 11.1 போட்டவங்க இங்கிலீசுல சின்ன ‘ஐ’ எழுத்தை அடிச்சா, போனு அதைத் திருத்தி ‘ஏ’வும் ஒரு கேள்விக்குறிக் கட்டமுமா மாத்துச்சு. பரிகாரம் என்ன சொன்னாங்கன்னா, ‘ஐ அடிச்சா ஐ-யே வரட்டும்’னு செட்டிங்ஸ்ல நீங்களே எழுதி வெச்சுக்குங்கன்னாங்க. அத்தனை காசு குடுத்து வாங்குன போனுக்கு அரிச்சுவடி சொல்லிக் குடுக்கறதும் நம்ம பொறுப்புத்தான். 9-ந் தேதி வந்த 11.1.1-ல அது சரியாச்சு.

ஃபிரெட் புரூக்ஸ்னு ஒரு மனுசன். ஐபிஎம்ல ஓஎஸ்/360ங்கற பெரிய சாஃப்ட்வேரை மேய்ச்சவரு. 1975-லயே புத்தகம் எழுதிக் கணக்குச் சொல்லிட்டாரு: ஒரு பக்கைச் சரி பண்ணப் போனா, புதுசா இன்னொண்ணு முளைக்கறதுக்கு நூத்துக்கு 20-ல இருந்து 50 வரைக்கும் வாய்ப்பு இருக்குதுன்னு. அம்பது வருசம் ஓடிப் போச்சு. அந்தக் கணக்குக்கு இன்னும் ஒரு ஃபிக்ஸ் வரல.

‘அப்ப நல்லா ஓடற பழசை அப்படியே புதுசுல தூக்கி வெச்சுட்டா?’ன்னு புத்திசாலியாட்டக் கேப்பே. ஐரோப்பாக்காரங்களும் அப்படித்தான் நெனைச்சாங்க. ஏரியான் 5 ராக்கெட்டை 1996 ஜூன் 4-ல, பிரெஞ்சு கயானாவுல கூரூங்கற எடத்துல இருந்து மொத வாட்டி உட்டாங்க. ஏரியான் 4-ல ஒரு வம்பும் பண்ணாத சாஃப்ட்வேரை எடுத்து இதுலயும் வெச்சிருந்தாங்க. புது ராக்கெட்டோ பக்கவாட்டுல பழசைவிட வேகமாப் போற ரகம். அந்த வேகத்தோட நெம்பரு, பழைய சாஃப்ட்வேர் ஒதுக்கி வெச்சிருந்த 16 பிட் எடத்துல அடங்கல. 32,767-க்கு மேல அதுக்கு எண்ணத் தெரியாது. 40 விநாடி ஆவறதுக்குள்ள வழிகாட்டற கம்ப்யூட்டரு கையத் தூக்கிருச்சு. ராக்கெட்டு தெசை மாறி வெடிச்சு, உள்ள இருந்த 4 செயற்கைக்கோளும் போச்சு.

வயித்தெரிச்சல் எது தெரியுமா? கெடுத்த அந்தக் கணக்கு, ராக்கெட்டு தரையை உட்டு மேல கெளம்புனதுக்கு அப்பறம் ஏரியான் 5-க்குத் தேவையே இல்லாத கணக்கு. பழசுல இருந்துது, கெடக்கட்டும்னு உட்டாங்க. ஸ்பேர் கம்ப்யூட்டர் ஒண்ணும் வெச்சிருந்தாங்க. அதுலயும் அதே சாஃப்ட்வேரு. இதுக்குக் கொஞ்சம் முன்னாலயே அதுவும் அதே காரணத்துக்காகப் படுத்துருச்சு. இதைய மனசுல வெச்சுக்கோ, பின்னால வேணும்.

பெரிய எடத்துக் கதை ஒண்ணு கேளு. இங்கிலாந்துல டிஎஸ்பின்னு ஒரு பேங்க்கு. லாயிட்ஸ் பேங்க்கோட சிஸ்டத்துல வாடகைக்கு இருந்துது. புது மொதலாளி, ஸ்பெயின்காரங்க சபடேல் பேங்க்கு, ‘நம்ம சொந்த சிஸ்டத்துக்கு வந்துருங்க’ன்னுட்டாங்க. 2018 ஏப்ரல்ல ஒரு வெள்ளிக்கெழமை சாயந்தரம் மூட்டை கட்டுனாங்க. 52 லட்சம் வாடிக்கையாளரு கணக்கை ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒட்டுக்கா மாத்தி எறக்கிட்டாங்க. கணக்கெல்லாம் சேதாரமில்லாமத்தான் போயிச் சேந்துது. கதவைத் தொறந்து சனங்களை உள்ள உட்டதுந்தான் சிஸ்டம் தெணறுச்சு. உள்ள நொழைய முடியாதவன் பல லட்சம் பேரு. நொழைஞ்சவன்ல சில பேருக்கு அடுத்தவன் கணக்கு தெரிஞ்சுது. ஒறம்பரைக்குள்ள ஒருத்தருக்கொருத்தரு எத்தனை சேத்து வெச்சிருக்கறாங்கன்னு பாக்க நாமெல்லாம் ஆசைப்படறோம், அவிய பேங்க்கு அதைச் சும்மாவே காட்டுச்சு.

எல்லாம் பழைய நெலைமைக்கு வர டிசம்பர் ஆயிருச்சு. செப்டம்பர்லயே தலைமை அதிகாரி வேலைய உட்டுப் போனாரு. 2022 டிசம்பர்ல அந்த ஊரு அரசாங்கக் கண்காணிப்பாளருக 4.865 கோடி பவுண்டு அபராதம் போட்டாங்க. சனங்களுக்கு நட்டஈடுன்னு குடுத்தது தனியா 3.27 கோடி பவுண்டு. பின்னால விசாரிச்சு எழுதுன அறிக்கையில ஒரு சேதி: டேட்டா சென்டர் ரெண்டு இருந்துது, சுமை தாங்குமான்னு பாத்தது ஒண்ணுல மட்டும். ரெண்டும் ஒரே மாதிரிதானேன்னு நெனைச்சிருக்கறாங்க. உன்ற அப்பத்தாகிட்டக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பா, ரெட்டைப் புள்ளைகளே ஒரே மாதிரி இருக்காதுன்னு.

நம்ம ஊர்ல மட்டும் என்ன வாழுது? வருமான வரிக்குப் புது வெப்சைட்டு 2021 ஜூன் 7-ல வந்துது. பழசை அதுக்கு முன்னாலயே மூடிட்டாங்க. அடுத்த நாளே நிதி அமைச்சரு நிர்மலா சீதாராமன், செஞ்சு குடுத்த இன்ஃபோசிஸையும் நந்தன் நிலேகணியையும் பேரு சொல்லி ட்விட்டர்லயே கேட்டாங்க. ஆகஸ்ட்ல ரெண்டு நாளு வெப்சைட்டே தெரியல. கம்பெனியோட தலைமை அதிகாரிய டெல்லிக்குக் கூப்பிட்டு, செப்டம்பர் 15-க்குள்ள முடிக்கோணும்னு கெடு வெச்சாங்க. தனியாளுக கணக்குக் காட்டற கடைசித் தேதி டிசம்பர் 31 வரைக்கும் தள்ளிப் போச்சு. வரி கட்டாம டிமிக்கி குடுக்கறவனைத்தான் அரசாங்கம் தொரத்தும்னு கேட்டிருக்கறோம். வரி கட்ட வந்தவன் அரசாங்க வெப்சைட்டைத் தொரத்துனதை அன்னிக்குத்தான் பாத்தோம்.

ஒட்டுக்கா உடறதுல உச்சம்னா 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக்குன்னு ஒரு கம்பெனி, கம்ப்யூட்டருக்குக் காவல் காக்கற சாஃப்ட்வேர் விக்கறவங்க. சின்னதா ஒரு ஃபைலை ஒலகம் பூரா ஒரே மூச்சுல அனுப்புனாங்க. 78 நிமிசத்துல தப்புத் தெரிஞ்சு நிறுத்திட்டாங்க. அதுக்குள்ள 85 லட்சம் விண்டோஸ் மெசினு நீலக் கலராகி உக்கோந்துருச்சு. ஏர்போர்ட்ல பேனா எடுத்து போர்டிங் பாஸ் எழுதுனாங்க. காரணம் கேட்டா நீ சிரிப்பே: புது ஏற்பாட்டுல 21 கட்டம்னு எழுதியிருந்துது, மெசின்ல இருந்த புரோகிராமு குடுத்தது 20 தான். இல்லாத 21-வதைத் தேடிப் போயித்தான் அத்தனையும் உழுந்துது. இங்கயும் பாரு, புதுசும் பழசும் சேர்ற எடந்தான். அதுக்கப்பறம் அவங்களும் கொஞ்சங் கொஞ்சமா உடறதுன்னு முறைய மாத்திக்கிட்டாங்க. மொதல்ல நாலு மெசினு, அப்பறம் நாப்பது, அப்பறம் ஊரு. 

இதையெல்லாங் கேட்டுட்டு ‘இனி அப்டேட்டே போட மாட்டேன்’னு கெளம்பிராதே. அப்படி ஒரு பங்காளி நமக்கு இருக்கறான். ரைஸ் மில்லு எடைமேடையில ஒரு கம்ப்யூட்டரு வெச்சிருக்கறான், தூசி தொடைக்கறதோட சரி. ‘அப்டேட்டுன்னு கேட்டா கேன்சல் அமுக்குடா’ன்னு வேலையாளுக்குச் சட்டம் போட்டு வெச்சிருக்கறான். அவன் கதையும் எங்க முடியும்னு சொல்றேன். 2017 மார்ச் 14-ல மைக்ரோசாஃப்ட் ஒரு ஓட்டைய அடைச்சு அப்டேட் குடுத்துது. மே 12-ல வான்னாக்ரைன்னு ஒரு கிருமி அதே ஓட்டை வழியாப் பூந்துது. ஃபைலையெல்லாம் பூட்டிட்டு ‘பணத்தை வெய்யி’ன்னுது. 150 நாட்டுக்குப் போயிருச்சு. இங்கிலாந்துல அரசாங்க ஆஸ்பத்திரியில ஆயிரக்கணக்கான நோயாளிகளைத் திருப்பி அனுப்புனாங்க. மருந்து ரெண்டு மாசமா வாசல்ல நின்னுக்கிட்டு இருந்துது, கேன்சல் அமுக்குனவன்தான் மாட்டுனான். மொத நாளே பாயறவன் ஒரு தருமவான்னா, எப்பவுமே போடாதவன் அவனைவிடப் பெரிய தருமவான். திருடனுக்கே தானம் பண்றான்.

அதனால என்ற ரோசன இது.

செகப்புப் பொட்டு எல்லாம் ஒண்ணில்ல. ‘பாதுகாப்பு அப்டேட்’னு சின்னதா வர்றதை ரெண்டொரு நாளு பாத்துட்டுப் போட்டுரு, தள்ளாதே. பேரே மாறி, படமே மாறி, பெருசா வருது பாரு, அதுக்குத்தான் பொறுக்கோணும். ஐஓஎஸ் 13 வந்தது 2019 செப்டம்பர் 19, 13.1 வந்தது 24. அஞ்சே நாளு பொறுத்திருந்தாக்கூட 13-ல இருந்த பக்கோட நோவு கொஞ்சம் மிச்சமாயிருக்கும். ஆனா புள்ளி ஒண்ணுன்னு கேட்டதுமே நம்பிறவுங் கூடாது. 2014 செப்டம்பர் 24-ல ஐஓஎஸ் 8.0.1 வந்துது. அதைப் போட்ட ஐபோன் 6-ல சிக்னல் போச்சு, வெரல் ரேகையும் வேலை செய்யல. போன் போடத்தான் முடியல, மத்தபடி நல்ல போனு. ஒரு மணி நேரம் போல இருந்துட்டு அதைத் திரும்ப வாங்கிட்டாங்க. அடுத்த நாளே 8.0.2 வந்துது. நாளை எண்ணாதே கண்ணு, அடுத்தவன் மூஞ்சியப் பாரு. உன்ற மாடல் போனே வெச்சிருக்கறவன் நாலு பேரு சிரிச்சுக்கிட்டு இருந்தா நீயும் போடு.

போடறதுக்கு முன்னால நகல் எடு. எடுத்த நகலு அதே மெசினுக்குள்ள இருந்தா அது நகலே இல்ல. ராக்கெட்ல வெச்ச ஸ்பேர் கம்ப்யூட்டரை நெனைச்சுக்கோ. தனி டிஸ்க்குல எடுத்து, கழட்டி, பீரோவுக்குள்ள வை. வெச்சுட்டு ஒருக்கா தொறந்தும் பாரு, ஃபைலு வருதான்னு. நகல் இருக்குதுன்னு நெனைச்சுட்டு இருந்தவன் அழுத அழுகை, நகலே எடுக்காதவன் அழுகையவிடப் பெருசு.

நல்ல நேரம் பாக்க வேண்டியதில்ல, கெட்ட நேரத்தை மட்டும் ஒதுக்கு. சம்பள நாளு, பரிச்சை நாளு, டிக்கெட் போட வேண்டிய காலையில, வரி கட்டற கடைசித் தேதி, மொகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி, இந்த நாளுகள்ல பட்டனைத் தொடாதே. போனையும் லேப்டாப்பையும் ஒரே ராத்திரியில மாத்தாதே. லேப்டாப்பு ஓடிபி கேக்கும், ஓடிபி போனுக்கு வரும், போனு உருண்டைய சுத்திக்கிட்டு நிக்கும்.

இத்தனையும் மீறிக் கெட்டுப் போச்சுன்னு வை, கஸ்டமர் கேர்காரங்க மந்திரம் மூணு இருக்குது. அணைச்சுப் போடுங்க. கேஷ் கிளியர் பண்ணுங்க. ஆப்பை எடுத்துட்டு மறுக்காப் போடுங்க. மூணும் செஞ்சாச்சுன்னு சொன்னா நாலாவதா ஒண்ணு வரும்: ‘எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்குதுங்க சார்’. அவிய பக்கம் சரியாத்தான் இருக்கும். கோளாறு எந்த எடத்துல இருக்கும்னுதான் சொல்லிட்டனே. அதனால ‘ஒண்ணுமே வேலை செய்யல, படுபாவிகளா’ன்னு எழுதாதே. என்ன மாடலு, எந்த வெர்சனு, என்ன பண்ணுனே, என்ன வந்துது, என்ன வந்திருக்கோணும், இத்தனைய வரிசையா எழுது. கோவத்துல எழுதுன புகாரைப் படிச்சு எவனும் பக்கைக் கண்டுபுடிச்சதில்ல. தருமத்தைப் பாத்திரமறிஞ்சு குடு.

கடைசியா ஒண்ணு, இது உனக்கு மட்டும். நீயும் கோயமுத்தூர்ல ஏசி ரூம்ல உக்கோந்து இதே சோலிதான பாக்கறே? எவனோ ஒரு ஊர்க்காரன் உன்ற பேரு தெரியாமலேயே உன்னைய வஞ்சுக்கிட்டுத்தான் இருப்பான். வெள்ளிக்கெழமை சாயந்தரம் ரிலீசைத் தள்ளி உட்டுட்டு பஸ் ஏறி ஊருக்கு வர்றே பாரு, அதைய உடு. டிஎஸ்பிக்காரங்க கெளம்புனதும் வெள்ளிக்கெழமை சாயந்தரந்தான். ‘என்ற மெசின்ல நல்லா ஓடுதே’ன்னு சொல்லாதே. சனங்களுக்கு உன்ற மெசினையா அனுப்பி வெக்கறே? திரும்பிப் போறதுக்குத் தடம் இல்லாத ரிலீசுக்குக் கையெழுத்துப் போடாதே. அப்பறம் அந்தக் குறிப்பு எழுதறீங்க பாரு, ‘சில பிழைகள் சரிசெய்யப்பட்டன, செயல்திறன் மேம்படுத்தப்பட்டது’ன்னு. பிழையெல்லாம் மழையில தானா மொளைச்ச மாதிரியும், நீங்க வந்து களை எடுத்துக் குடுத்த மாதிரியும்! என்ன கெட்டுது, எப்படிக் கெட்டுது, எதைச் சரி பண்ணுனோம்னு நாலு வரி எழுதிப் போட்டா, போடறதா வேண்டாமான்னு நாங்களே முடிவு பண்ணிக்குவோம்.

இத்தனை சொன்னாலும் அடுத்து பெருசு ஒண்ணு வந்தா மொத நாளே நீ அமுக்கத்தான் போறே. தடுக்க மாட்டேன். அமுக்கிட்டு, ரெண்டு வாரம் ஓட்டிப் பாத்துட்டு, அப்பாருக்கு ஒரு போன் போடு. உன்ற போன் வந்துதுன்னா நானும் தைரியமாப் போட்டுக்கறேன். வரலைன்னா, என்ன சேதின்னு புரிஞ்சுக்கறேன்.